புல்லுக்கு எதற்கு மருந்து?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு முன்வளவுப் புல்லுக்குப் பழைய களைநாசினிகளை அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் சட்டப்படி குற்றம். எங்கள் ஆட்களில் பலருக்கு இது இன்னும் சரியாகத் தெரியாது. முந்தி வசந்தம் வந்ததும் ஹாட்வெயர் கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருந்த போத்தல்களை இப்போது காணவில்லை என்பது மட்டும் தெரியும். யாரோ கொம்பனிக்காரன் விற்பதை நிப்பாட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கப் பக்கம் போய்வருகிறவர்களிடம் "வரேக்க ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

மே மாத நடுப்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மஞ்சள் களைப்பூதான். டாண்டலயன். கொஞ்ச நாளில் அந்த மஞ்சள் வெள்ளைப் பஞ்சாகிக் காற்றில் கிளம்பும். அயலுக்குள் முகம் சுளிக்கத் தொடங்குவது அப்போதுதான், பஞ்சுக்கு வேலி தெரியாதே. மார்க்கம் நகரில் இருக்கும் தூரத்து உறவு மாமி ஒருவர் ஒவ்வொரு வருடமும் இந்த நேரம் பார்த்து எனக்குப் போன் எடுப்பார். "தம்பி, உதுக்கு அடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ? பக்கத்து வீட்டுக்காரன் போகேக்க வரேக்க என்ரை புல்லைப் பாத்துக்கொண்டெல்லோ போறான்."

மாமியின் பின்வளவு வேறு கதை. கத்தரி, பச்சைமிளகாய், பயற்றங்காய், பாகல், ஒரு பந்தல் நிறையப் புடோல். மார்ச் மாதமே பேஸ்மென்டில் விளக்குப் போட்டுக் கன்று வளர்த்து, மே மாத விக்டோரியா தின விடுமுறை கழிந்த பிறகுதான் வெளியே நடுவார். கறிவேப்பிலை சாடியில் நிற்கும், குளிருக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே. பசளை என்றால் கடையில் மூட்டையாக விற்கிற ஆட்டெருவும் சமையலறைக் கழிவும்தான். "பிள்ளையள் சாப்பிடுறது" என்று ஒரு சொட்டு மருந்து போடமாட்டார். சாப்பிடுகிற பயிருக்கு வேண்டாம் என்கிற மருந்தை, யாரும் சாப்பிடாத புல்லுக்கு எப்படியாவது அடித்துவிட வேண்டும் என்று அதே மனுசி தவிக்கிறார். மாமியைப் பிழை சொல்லமாட்டேன். வட அமெரிக்கா முழுவதும் எழுபது எண்பது வருடமாக இந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

இந்தத் தவிப்புக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடித்து, போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்த 2,4-டி என்ற களைநாசினி. செடிக்குள் இயல்பாகவே இருக்கிற வளர்ச்சி ஹோர்மோனைப் போல நடிக்கிற இரசாயனம் அது. அகன்ற இலைச் செடிகள் அதைக் குடித்ததும் கட்டுப்பாடு இல்லாமல் வளரத் தொடங்கி, தண்டு முறுகி, இலை சுருண்டு செத்துவிடும். புல் இனத்துக்கு ஒன்றும் ஆகாது. புல்லுக்குள் இருக்கும் டாண்டலயனை மட்டும் தேடிக் கொல்கிற மருந்து கிடைத்ததும் கொம்பனிகளுக்குக் கொண்டாட்டம். ஒரேயொரு சிக்கல். அது க்ளோவரையும் கொன்றது.

க்ளோவர் என்றால் புல்லுக்குள் தாழ்வாகப் படருகிற மூவிலைச் செடி, சின்ன வெள்ளைப் பூ. அதுவரைக்கும் முற்றத்துப் புல்லுக்கு விற்ற விதைக் கலவையில் அதையும் சேர்த்தே விற்றார்கள். அவரை, பயறு போலக் காற்றில் இருக்கிற நைதரசனை வேரில் பிடித்துக் கொடுக்கிற செடி என்பதால் புல்லுக்குத் தனியாகப் பசளை போடும் தேவை குறைவு. புதிய மருந்துக்கு க்ளோவரை விட்டுவைக்கத் தெரியவில்லை என்றதும், க்ளோவரும் களை என்று ஆகிவிட்டது. பிறகு அது கொடுத்துவந்த நைதரசனுக்குப் பதிலாகப் பசளை மூட்டையும் விற்கலாம். மருந்துக்கு ஏற்றபடி நோயைத் திருத்திய கதை என்று இதைத்தான் சொல்லுவேன்.

அப்புறம் வந்தது எல்லாம் வழமையான வளர்ச்சிதான். 2,4-டியோடு மெக்கோப்ரொப், டைகம்பா இரண்டையும் சேர்த்துக் கனடாவில் கில்லெக்ஸ் என்ற பெயரில் விற்றார்கள். களைநாசினியையும் பசளையையும் ஒன்றாகக் கலந்த மூட்டைகள் வந்தன. குழாய் பூட்டிய லொறியோடு வீடு வீடாக வந்து அடித்துவிட்டுப் போகிற கொம்பனிகள் வந்தன. அடித்துவிட்டு, பிள்ளைகளையும் நாயையும் புல்லில் இறக்க வேண்டாம் என்று ஒரு சின்ன அட்டையைக் குத்திவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் விளையாடத்தான் புல் என்று சொல்லி வளர்த்த புல்லில் அந்த அட்டை.

இதற்கு எதிராக முதலில் வென்ற இடம் பெரிய நகரம் ஒன்றும் அல்ல. மொன்றியலுக்கு மேற்கே, ஒட்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் ஹட்சன். சனத்தொகை ஐயாயிரம் அளவு. குதிரை, பெரிய மரங்கள், வசதியான வீடுகள் உள்ள ஊர். அங்கே டொக்டர் ஜூன் இர்வின் என்று ஒரு தோல் மருத்துவர். தன்னிடம் வருகிற நோயாளிகளின் தோல் கோளாறுகளுக்கும் அவர்களைச் சுற்றி அடிக்கப்படுகிற மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். 1985 தொடக்கம் ஊர்சபைக் கூட்டங்களுக்குப் போய், எழுதிக்கொண்டுவந்த கடிதங்களை எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருடக் கணக்காக. சபையில் இருந்தவர்களுக்கு அலுப்புத் தட்டியிருக்கும் என்பதை நாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கூட்டத்தில் ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆளுக்கு எங்கள் ஊர்ச் சங்கங்களில் என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இர்வினின் பொறுமை விளங்கும்.

கடைசியில் 1991 இல் ஹட்சன் சபை தன் 270 ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் கட்டுமானம். பூச்சிநாசினி, களைநாசினி எல்லாம் விஷம் என்று அது எங்கும் வாதாடவில்லை. ஊர் எல்லைக்குள் அடிக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எதற்கெல்லாம் அடிக்கலாம் என்று சொன்னது. நீச்சல் குளத்துத் தண்ணீர் சுத்தம் செய்ய, வீட்டுக்குள்ளே, மனிதருக்கு ஆபத்தான பூச்சிக்கும் செடிக்கும், விவசாயிகளுக்கு. கோல்ஃப் மைதானங்களுக்கு ஐந்து வருட அவகாசம் கொடுத்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான்: பார்வைக்கு வடிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அடிப்பது.

இந்த இடத்தில்தான் அந்த ஊர் கெட்டித்தனம் காட்டியது என்பது என் எண்ணம். 'இது விஷமா இல்லையா' என்று கேட்டால் கதை முடியாது. நீங்கள் ஓர் ஆய்வைக் கொண்டுபோனால் கொம்பனி பத்து ஆய்வுகளைக் கொண்டுவரும். 'இது எதற்கு' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மற்றவர். புல்லுக்குள் மஞ்சள் பூ தெரியக்கூடாது என்பதற்காக என்று ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல எவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

1992 இல் ஸ்ப்ரேடெக், கெம்லோன் என்ற இரண்டு புல் பராமரிப்புக் கொம்பனிகள் மீது ஹட்சன் வழக்குப் போட்டது. அவர்கள் சும்மா அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை. சட்டமே செல்லாது என்று நீதிமன்றம் போனார்கள். மத்திய அரசு பதிவுசெய்து அனுமதித்த மருந்தை, மாகாண அரசு உரிமம் கொடுத்த கொம்பனி அடிக்கிறது. நடுவில் ஓர் ஊர்சபைக்கு என்ன வேலை? கேள்வி நியாயமாகத்தான் தெரியும். 1993 இல் கியூபெக் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1998 இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2001 ஜூன் 28 ஆம் திகதி ஏழு நீதிபதிகளும் ஹட்சனின் பக்கம் நின்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி க்ளேர் லெரூ-டுபே.

தீர்ப்பில் இரண்டு விசயங்கள் முக்கியம். சனத்துக்கு மிக அருகில் இருக்கிற ஆட்சியே அந்தச் சனத்தின் சுற்றுப்புறத்தைப் பற்றித் தீர்மானிக்கப் பொருத்தமானது என்பது ஒன்று. கெடுதி முழுதாக நிரூபணமாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, முன்னெச்சரிக்கையாக நடக்கலாம் என்பது மற்றது. 2,4-டி விஷமா என்று நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. அதை அடிப்பதைக் கட்டுப்படுத்த ஊருக்கு அதிகாரம் உண்டு என்றுதான் சொன்னது. இதைப் பலர் மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள். புல் மருந்துக்கு எதிரானவர்களும் சேர்த்துத்தான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஊர் ஊராகச் சட்டம் வந்தது. ஹாலிஃபக்ஸ் தீர்ப்பு வரும்முன்னமே, 2000 இல், துணிந்துவிட்டது. ரொறன்ரோ நகரசபை 2003 மே மாதம் சட்டம் போட்டு 2004 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பூச்சிநாசினி உற்பத்தியாளர்களின் சங்கமான க்ரொப்லைஃப் கனடா அதை எதிர்த்து வழக்காடி 2005 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. கியூபெக் மாகாணம் 2003 இல் விதிகளை உருவாக்கி 2006 இல் வீட்டுப் புல் மருந்துகளின் விற்பனையை நிறுத்தியது. அதற்காக டவ் அக்ரோசயன்ஸஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 2008 இல் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இருபது இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டுப் புறப்பட்டது. 2011 இல் சமரசம். காசு கைமாறவில்லை, தடையும் அப்படியே நின்றது. லேபிளில் உள்ள அறிவுறுத்தலின்படி பாவித்தால் 2,4-டியால் ஏற்கமுடியாத ஆபத்து இல்லை என்று கியூபெக் ஒரு வாசகத்தை ஒத்துக்கொண்டது. கொம்பனிக்குத் தேவைப்பட்டது அந்த வாசகம்தான் என்று நினைக்கிறேன். வேறு நாடுகளில் விற்க உதவும்.

அந்த வாசகம் பொய் என்றும் சொல்லமுடியாது. கனடாவின் மத்திய சுகாதாரத் திணைக்களம் 2008 இல் மறுபரிசீலனை செய்து அதே கருத்தைத்தான் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 இல் 2,4-டியை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற பிரிவில் போட்டது. அதுவும் கடுமையான பிரிவு அல்ல. வியட்நாமில் கொட்டிய ஏஜென்ட் ஒறேஞ்சின் பாதி 2,4-டி என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மை. ஆனால் அதிலிருந்த டயொக்ஸின் நஞ்சு பெரும்பாலும் மற்றப் பாதியான 2,4,5-டியோடு வந்தது. பயமுறுத்தாமலே வாதத்தை வெல்லலாம் என்பதற்கு ஹட்சன் சாட்சி.

சரி, ஒன்ராறியோவுக்கு வருவோம். 2008 இல் மாகாண சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது, மறுவருடம் ஏப்ரல் 22, பூமி தினத்தன்று அமுலுக்கு வந்தது. வீட்டுப் புல், பூந்தோட்டம், மரக்கறித் தோட்டம், கார் நிறுத்தும் பாதை, பூங்கா, பள்ளிக்கூட மைதானம், இடுகாடு எல்லாம் அடக்கம். விவசாயம், காட்டுத் தொழில், பொதுச் சுகாதாரம், விஷப் படர்கொடி போன்ற ஆபத்தான செடிகள் ஆகியவற்றுக்கு விலக்கு. கோல்ஃபுக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. சும்மா பார்வைக்காகப் புல் வளர்ப்பதில் கோல்ஃபை விஞ்சிய இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் சட்டமன்றத்தில் இருப்பார்கள், டாண்டலயனுக்கு அங்கே ஆள் இல்லை.

பலன் தெரிந்ததா? தெரிந்தது. தெற்கு ஒன்ராறியோவின் நகர்ப்புற ஓடைகளில் 2008 இலும் 2009 இலும் தண்ணீர் எடுத்துச் சோதித்த மாகாண சுற்றாடல் அமைச்சு, 2,4-டி, டைகம்பா, மெக்கோப்ரொப் மூன்றும் வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டது. ஒரே கோடைக்குள். புல்லுக்கு அடித்தது எங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவைப் பற்றி அதிகம் பேர் கதைப்பதில்லை. அழகுக்காக அடிக்கிற மருந்தைப் பற்றி நகரசபைகள் போட்ட சட்டங்கள் இனிச் செல்லாது என்று அது சொல்கிறது. ஹட்சன் ஏறக்குறைய ஒன்பது வருடம் நீதிமன்றப் படியேறி வென்றுகொடுத்த அதிகாரத்தை, அதே நோக்கத்தின் பெயரால் மாகாணம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. மாகாணம் நல்ல பிள்ளையாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. மனம் மாறினால்? மனிற்றோபாவில் அதுதான் நடந்தது. 2015 இல் வீட்டுப் புல்லுக்குத் தடை வந்தது, 2022 இல் அரசாங்கம் அதைத் தளர்த்திவிட்டது. மேலே இருந்து கொடுத்ததை மேலே இருந்தே எடுக்கலாம். ஊர்க்கூட்டத்தில் வாசித்து வாசித்து வாங்கியதை எடுப்பது அவ்வளவு சுகம் இல்லை, எடுப்பவருக்கு அந்த ஊரில் முகம் காட்ட வேண்டும்.

இலங்கையில் பிறந்த ஒருவர் இந்தக் கதையை எழுதும்போது 2021 நினைவுக்கு வராமல் இராது. அந்த வருடம் மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளையையும் பூச்சிநாசினியையும் இறக்குமதி செய்வதை ஒரேயடியாகத் தடைசெய்தது. நாடு முழுக்கச் சேதன விவசாயமாம், அதாவது இயற்கை விவசாயம். டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரம் என்பதால் நோக்கம் மண்ணா பணமா என்று அப்போதே எல்லோருக்கும் சந்தேகம். நெல் விளைச்சல் விழுந்தது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது, தேயிலைக்காரர் கதறினார்கள், நவம்பரில் தடை வாபஸ். அந்த ஆறு மாதம் சேதன விவசாயம் என்ற பெயருக்குச் செய்த கெடுதி இன்னும் போகவில்லை. ஊரில் யாரிடமாவது அதைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள், இல்லாவிட்டால் கோபப்படுகிறார்கள்.

ஹட்சனில் புல்லை முதலில் பிடித்தார்கள், விவசாயியை விட்டுவைத்தார்கள். இலங்கையில் எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினார்கள். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன, இருக்கின்றன. வலிகாமத்தில் சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய செம்மண். வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவின் மிச்சம் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகும், மலசலகூடக் குழியில் இருந்து இறங்குவதும் அதே கிணற்றுக்குத்தான். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கைக்குழந்தைகளுக்குக் கூடாத மட்டத்தில் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இதை ஒரு கிராமத்தில் தொடங்கி, கிணறு கிணறாகக் காட்டி, எவ்வளவு பசளை பயிருக்குப் போகிறது, எவ்வளவு வீணாக இறங்குகிறது என்று தோட்டக்காரரோடு இருந்து கணக்குப் பார்த்திருந்தால் கேட்டிருப்பார்கள். காசை ஊற்றிப் போடுகிற பசளை கிணற்றுக்குள் போவதை எந்தத் தோட்டக்காரனும் விரும்பமாட்டான்.

திரும்பக் கனடா. புல்லுக்கு மருந்து நின்றது, விவசாயத்துக்கு நிற்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நிற்பவர்கள் இயற்கை விவசாயிகள். ரொறன்ரோவில் இருந்து வடக்கே போனால் ஹொலண்ட் மார்ஷ் என்று கரிய சதுப்பு மண் வயல்வெளி வரும், கரட்டும் வெங்காயமும் அங்கிருந்து வருகின்றன. அப்படியான பகுதிகளில் ஒருவர் இயற்கை விவசாயம் செய்ய நினைத்தால் முதலில் 36 மாதம் தடைசெய்யப்பட்ட எதையும் நிலத்தில் போடாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைவதை இயற்கை விளைச்சல் என்ற விலைக்கு விற்கவும் முடியாது. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்றில் வரும் என்பதற்காகத் தன் நிலத்துக்குள்ளேயே குறைந்தது 8 மீற்றர் இடைவெளி விட வேண்டும். அடிக்கிறவர் ஓர் அடியும் ஒதுங்கத் தேவையில்லை, அடிக்காதவர்தான் 8 மீற்றர் ஒதுங்க வேண்டும். இயற்கை விளைபொருள்களுக்கான மத்திய அரசின் விதிகள் அமுலுக்கு வந்ததும் அதே 2009 தான், ஜூன் கடைசியில். இரண்டு சட்டங்களும் ஒரே வருடத்தில் பிறந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

இந்த விவசாயிகளில் பலரை ரொறன்ரோவிலேயே சந்திக்கலாம். டஃபரின் க்ரோவ் பூங்காவில் வியாழக்கிழமைப் பின்னேரச் சந்தை பல வருடங்களாக நடக்கிறது. ஜேன்-ஃபிஞ்ச் பக்கத்தில் ப்ளாக் க்றீக் சமூகப் பண்ணை மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இயற்கை முறையில் பயிர் செய்கிறது. பருவம் தொடங்கும் முன்னமே பங்குக் காசு கட்டிவிட்டு, பிறகு கிழமைக்கு ஒரு பெட்டி மரக்கறி எடுக்கிற முறையும் உண்டு. விளைச்சல் குறைந்தால் பெட்டி சின்னதாக வரும், காசு திரும்பி வராது. முதலில் இது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. ஒரு வருடம் மழை கொட்டித் தக்காளி எல்லாம் அழுகிய பிறகு, அந்த நட்டத்தை விவசாயி தனியாகச் சுமக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது உறைத்தது.

சந்தையில் ஒரு பெண் விவசாயியிடம் புல் மருந்துத் தடையால் உங்களுக்கு ஏதும் நன்மை உண்டா என்று கேட்டேன். கீரைக் கட்டில் இருந்து பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே, நேரடியாக ஒன்றும் இல்லை என்றார். ஆனால் முந்தி நகரத்து ஆட்கள் இலையில் ஓட்டை இருந்தால் வாங்கமாட்டார்கள், இப்போது வாங்குகிறார்கள், வீட்டில் டாண்டலயனோடு வாழப் பழகிவிட்டார்கள் போல என்று சிரித்தார். அவர் மேசையில் டாண்டலயன் கீரையும் கட்டுக் கட்டாக இருந்தது. நல்ல விலை.

உண்மையில் எல்லோரும் பழகிவிடவில்லை. மருந்தைத் தடுத்த சட்டம் புல்லை ஒன்றும் செய்யவில்லை. ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் நகரசபைக்கு முறைப்பாடு போகும். முறைப்பாடு செய்கிறவர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர்தான். சாண்டி பெல் என்ற பெண் தன் முன்வளவில் காட்டுச் செடிகளை வளர்த்ததற்காக அபராதம் போட்டார்கள், அவர் விடாமல் நீதிமன்றம் போனார். தோட்டமும் ஒருவர் தன் கருத்தைச் சொல்லும் வழிதான் என்று 1996 இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு எடுத்தது, இயற்கைத் தோட்டம் வைக்கத் தனி விலக்குக் கேட்கத் தேவையில்லை என்று நகரசபை விதியை மாற்ற. மாமிக்கு இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அவை வெள்ளைக்காரர், அவை வளர்த்தா தோட்டம். நாங்கள் வளர்த்தா பத்தை" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. முன்வளவுப் புல் எங்கள் ஆட்களுக்கு நாங்களும் ஒழுங்கானவர்கள்தான் என்று காட்டுகிற சான்றிதழாக இருக்கும் வரைக்கும் போத்தல் எப்படியோ எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும்.

எனவே மாமிக்குச் சட்டம் படிப்பிப்பதை விட்டுவிட்டு வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். டாண்டலயனை மழை பெய்த மறுநாள் பிடுங்க வேண்டும். நுனி பிளந்த நீளமான இரும்புக் கம்பி விற்கிறது, அதை வேரோடு ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, பிடியைச் சாய்த்தால் விரல் மொத்தத்தில் வெள்ளை வேர் மேலே வரும். 'டக்' என்று சத்தம் கேட்டால் வேர் முறிந்துவிட்டது, மண்ணுக்குள் நிற்கிற துண்டு திரும்ப முளைக்கும். புல்லைக் கட்டையாக வெட்டக்கூடாது. உயரமாக விட்டால் நிழலில் களைவிதை முளைப்பது குறையும். இரும்புச் சத்தில் செய்த தெளிப்பான்கள் சட்டப்படி விற்கிறார்கள். அடித்தால் டாண்டலயன் சில மணித்தியாலத்தில் கறுத்துவிடும், ஆனால் வேர் சாகாவிட்டால் திரும்ப வரும், சீமெந்தில் பட்டால் துருக்கறை பிடிக்கும். மாமி கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம்.

பெரிய தலையிடி வெள்ளைப் புழு. வண்டுகளின் குடம்பி, ஆங்கில 'சி' எழுத்துப் போல வளைந்து மண்ணுக்குள் இருந்து புல் வேரைத் தின்னும். தின்று முடித்த இடத்தைப் பிடித்து இழுத்தால் புல் பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வரும். இரவில் ஸ்கங்கும் ரக்கூனும் அந்தப் புழுவைத் தேடி வந்து வளவைக் கிளறிப்போட்டுவிடும். இதற்குத்தான் நெமற்றோட். கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. குடம்பிக்குள் புகுந்து தன்னோடு கொண்டுவந்த பக்ரீரியாவை விட்டு அதைக் கொல்லும். ஒரு கிழமை கழித்து மண்ணைத் தோண்டினால் வெள்ளையாக இருந்த புழு செங்கபில நிறமாகிக் கிடக்கும், வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வசந்தத்தில் போட்டு வீணாக்கவேண்டாம், அப்போது புழு பெருத்துவிடும். ஓகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம்தான் சரியான நேரம், குஞ்சுப் புழு மேல் மண்ணில் இருக்கும். வாங்கியதைப் போடும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் செத்துவிடும். பொழுதுபட்ட பிறகு, முதலே புல்லை நன்றாக நனைத்துவிட்டு, தண்ணீரில் கலக்கித் தெளிக்க வேண்டும். தெளிப்பானில் வலை வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள், நுண்புழு அதில் மாட்டிக்கொள்ளும். அடுத்த கிழமை முழுக்க மண் காயவிடக்கூடாது. நல்ல தோட்டக் கடைகளில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும், முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.